அம்மா வீட்டுக்குப் போன ஃபைல்கள்

போகிக்கு மறுநாள், ஊரே பொங்கல் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சங்கவி தன் தையல் மிஷினின் தலையைக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றி, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். துணிப்பையோடு அம்மா வீட்டுக்குப் போகிறவள் நாலு நாளில் திரும்பிவிடுவாள். மிஷினோடு போகிறவளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இது அவள் புருஷன் தேவாவுக்கும் தெரியும். தெரிந்தும் ஜன்னலோரம் நின்றுகொண்டு, "ஜாக்கெட் அளவு தான சங்கவி, திரும்ப எடுத்துக்கினா போச்சு" என்று முந்தின நாள் சொன்னதையே மறுபடியும் சொன்னான். இப்படிப்பட்ட புத்திசாலிகளைத்தான் கம்ப்யூட்டர் வேலைக்குத் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள்.

"திரும்ப எடுக்கணுமா?" என்றாள் சங்கவி. "ஒரு அக்காவுக்கு ஆபரேசன் ஆகி ஒரு பக்கம் மாரு இல்ல. என் ஒருத்தி கிட்டதான் அளவு குடுத்துக்கினு இருந்திச்சு. அதைக் கூப்பிட்டு, என் வீட்டுக்காரரு அழிச்சிட்டாரு, மறுபடி வந்து நில்லுக்கான்னு சொல்லட்டுமா?"

பஸ் நகர ஆரம்பித்தது. தேவா கூடவே நடந்தான்.

"உங்க கம்ப்யூட்டருல அழிச்சது திரும்பி வர்ற மாதிரி மொதல்ல ஒரு வழி பண்ணுங்க. அப்புறமா நான் திரும்பி வர்றதைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.

உங்க கம்ப்யூட்டர் என்று அவள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பெட்டி எங்கேயோ செய்ததுதான். ஆனால் பெட்டிக்குள் இருந்து எல்லா வேலையையும் ஏவுகிற ஆபரேட்டிங் சிஸ்டம் தேவா செய்தது. அதன் பெயர் 'தாண்டவம்'. விழுப்புரத்தில் வேர்க்கடலை ஏலம் போடும் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் தாண்டவராயன் தன் பெயரில் பாதியை அதற்குத் தானமாகக் கொடுத்திருந்தார். ஒருநாள் ஏலம் சூடு பிடித்திருந்த சமயத்தில் மண்டிக் கம்ப்யூட்டர், நான் என்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன், பொறுத்திருங்கள் என்று எழுதிக்காட்டிவிட்டு நின்றுபோனது. விவசாயிகளும் வியாபாரிகளும் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு நீலத் திரையை வேடிக்கை பார்த்தார்கள். "என் மண்டியில என்னையே குந்த வைக்க இவன் யாரு?" என்று கொதித்த தாண்டவராயன், எஞ்சினியரிங் முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த தேவாவைப் பிடித்து மண்டி மாடியில் உட்கார வைத்தார். இலவசமாகக் கிடைக்கிற ஒரு சிஸ்டத்தை எடுத்துப் பிரித்துத் தைத்து, தேவா தாண்டவத்தை உண்டாக்கினான். இன்றைக்குக் கண்டமங்கலத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் மண்டி, ரைஸ் மில், கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் தாண்டவம்தான். ரொம்ப நல்ல சிஸ்டம் என்று சொல்ல மாட்டேன். தாண்டவராயனிடம் வேண்டாம் என்று சொல்லத் துணிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. தாண்டவத்தில் குப்பைத்தொட்டி கூடாது. "குப்பைய வீட்டுக்கு நடுவுல வச்சிக்கினு எவனாச்சும் குந்துவானா? அழிச்சா அழிச்சதுதான். குடுத்த வாக்கும் அப்படித்தான், ஏத்திவிட்ட மூட்டையும் அப்படித்தான்" என்பார். அந்தக் கொள்கைக்குப் பொட்டு வைத்த மாதிரி 'போகி' என்று ஒரு பட்டனும் வைக்கச் சொன்னார். அதை அமுக்கினால் ரொம்ப நாளாகத் திறக்காத ஃபைல்களையெல்லாம் வரிசையாகக் காட்டும். சரி என்று சொன்னால் திரையில் தீ எரியும், எல்லாம் போய்விடும். அந்தத் தீயை தேவாவே ஆசை ஆசையாக வரைந்திருந்தான்.

போகியன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. பட்டனை அமுக்கினான். வரிசையில், சங்கவியிடம் தைப்பவர்களின் அளவெல்லாம் இருந்த 'சங்கவி அளவு' ஃபைலைப் பார்க்காமல் அமுக்கினான் என்று அவனுக்காக நான் பொய் சொல்லப்போவதில்லை. பார்த்தான். தீ நன்றாகவே எரிந்தது.

பொங்கல் லீவு முடிந்ததும் தேவா மண்டிக்குப் போய் மென்று விழுங்கினான்.

"ஐயா, அழிச்ச ஃபைலைத் திரும்ப எடுக்கிற மாதிரி ஒரு வசதி போடலாம்னு..."

"இன்னாத்துக்கு?"

"மத்த எல்லா சிஸ்டத்துலயும் இருக்குதுங்கயா."

"அப்ப அதையே வாங்கிக்கினு போவச் சொல்லு."

வேறு வழியில்லாமல் சங்கவி போன கதையைச் சொன்னான். தாண்டவராயன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என் சிஸ்டத்தால ஒரு பொண்ணு வாழாவெட்டியா போச்சுன்னு நாளைக்கு எவனாச்சும் பேசினா, நான் மண்டியில தலை காட்ட முடியுமா? எழுந்திருப்பா!" என்றார். அவர் சுற்றுவட்டாரத்தில் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கோயில் மாலை மரியாதை என்று எத்தனையோ பஞ்சாயத்துப் பேசியவர். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் பட்டனுக்குப் பஞ்சாயத்துப் பண்ணும் பாக்கியம் அதுவரை வாய்த்ததில்லை. ஒரு தாம்பாளத்தில் ஆப்பிள், வாழைப்பழம், கதம்பம் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, தேவாவைக் காரில் ஏற்றி, ஜல்தியாகத் திண்டிவனம் கிளம்பிவிட்டார்.

சங்கவியின் அப்பா கண்ணையன் திண்டிவனத்தில் உரக்கடை வைத்திருந்தார். நிலமும் உண்டு. வாழ்நாளில் ஒரு தடவைகூட 'தப்பு என் பேர்ல' என்று சொல்லாதவர். அம்மா முனியம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். உள் அறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சங்கவி வெளியே வரவே இல்லை.

"உங்க பொண்ணு கேட்டது நியாயம்" என்று தாண்டவராயன் ஆரம்பித்தார். "அழிச்சதைக் கூப்பிட்டா வரணும். ஒத்துக்கிறேன். ஆனா குப்பைத்தொட்டின்னு பேரு வைக்க உடமாட்டேன்."

"கூப்பிடுற வரைக்கும் அது எங்க தங்கும்?" என்றார் முனியம்மாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அவர் கேள்வி கேட்பது வழக்கமில்லை. தேவா விளக்கினான். "அதே பெட்டிக்குள்ளதான் அத்தை. பழைய எடத்துல இருந்து எடுத்து தனியா ஒரு எடத்துல வச்சிருவோம். எங்க இருந்து வந்திச்சுன்னு அட்ரஸ் எழுதி கூடவே ஒரு சீட்டு வச்சிருவோம். கூப்பிட்டா சீட்டைப் பாத்து வந்த எடத்துக்கே போயிடும்."

"அப்ப அழியவே இல்ல."

"இல்லீங்க. கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்."

"கோவிச்சிக்கினு அம்மா வீட்டுக்குப் போன மாதிரின்னு சொல்லுங்க."

உள்ளே மிஷின் நின்றது. தாண்டவராயன் தொடையில் ஓங்கித் தட்டினார். "பேரு கெடைச்சிருச்சு! அம்மா வீடு!"

அதற்குப் பிறகு பஞ்சாயத்து சூடு பிடித்தது. அந்த இடத்தில் எத்தனை நாள் தங்கலாம் என்று கேள்வி வந்தது. மற்ற சிஸ்டங்களில் ஒரு மாதம் ஆனால் தானாகவே எடுத்துப் போட்டுவிடும் என்று தேவா சொன்னதும் முனியம்மாளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"யாரு தொரத்துவா? எந்த அம்மா தொரத்துவா?"

"எடம் ரொம்பிடும் அத்தை."

"ரொம்பினா ரொம்பட்டும்" என்று கண்ணையன் மீசையைத் தடவினார். "எங்க வீட்டுல எடம் இல்லன்னு நாங்க எவனுக்கும் சொன்னதில்ல." உள்ளே மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆகவே கெடு கிடையாது என்று முடிவானது.

யார் கூப்பிடலாம்? அனுப்பியவர்தான் வந்து கூப்பிட வேண்டும், ஆள் விட்டுக் கூப்பிட்டால் செல்லாது என்றார் கண்ணையன். சும்மா ஒரு பட்டனைத் தட்டிக் கூப்பிடுவது மரியாதை இல்லை, திரையில் ஒரு தாம்பாளம் வரவேண்டும், வெற்றிலை பாக்கையும் பழத்தையும் ஒவ்வொன்றாக இழுத்து அதில் வைத்தால்தான் ஃபைல் வர வேண்டும் என்றார் தாண்டவராயன். தேவா தலையாட்டினான். மாமனார் வீட்டில் உட்கார்ந்திருக்கிற மருமகனுக்கு வேறு என்ன ஆட்டத் தெரியும்? கடைசியாக அவனே ஒரு சந்தேகம் கேட்டு மாட்டிக்கொண்டான்.

"திரும்பி வர்றப்ப அந்த எடத்துல அதே பேருல வேற ஒண்ணு இருந்தா?"

கண்ணையன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எவ அவ?"

"மாமா, நான் ஃபைலைச் சொல்றேன்."

"நானும் ஃபைலைத்தான் மாப்ள சொல்றேன்."

பின்னால் வந்தது பேரை மாற்றிக்கொண்டு இடத்தை விட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்ப்பானது. மாசி மாதம் இதே வீட்டில் எல்லோர் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். அது சரியாக வேலை செய்தால் சங்கவியை அனுப்பி வைப்பார்கள். கிளம்பும்போது தேவா உள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

அந்த மாதம் முழுவதும் அவன் வேலை செய்தான் பாருங்கள், அப்படி ஒரு வேலையை அவன் காலேஜிலும் செய்ததில்லை. மெஸ்ஸில் தின்றான், மண்டி மாடியிலேயே கிடந்தான். ஒவ்வொரு வரி எழுதும்போதும் சங்கவி திரும்பி வர ரோடு போடுவதாகவே அவனுக்குத் தோன்றியது. ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு விஷயம் அவனுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. இந்த வசதி இனிமேல் அழிக்கப்போவதற்குத்தான் ஆகும். போகியன்று எரிந்ததற்கு அட்ரஸ் எழுதிய சீட்டும் கிடையாது, தங்கிய இடமும் கிடையாது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. வெற்றிலை பாக்கு அமர்க்களத்தில் இதை யாரும் கேட்காமல் விட்டுவிட வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் மேல் அந்த இடத்தில்தான் கோபம்.

வேலை முடிந்ததும் மண்டிகளுக்கும் மில்களுக்கும் புதுத் தாண்டவம் போனது. சனங்கள் மாறிப்போனார்கள். முன்பெல்லாம் 'அழிச்சிட்டேன்' என்று சொன்னவர்கள் இப்போது 'அனுப்பி வச்சிருக்கேன்' என்றார்கள். கண்டமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சித்ரா என்கிற கிளார்க், வேலையை விட்டுப் போன ஆள் அனுப்பிய ஃபைலைக் கூப்பிட முடியாமல் திண்டாடினாள். கடைசியில் அவன் புதுச்சேரிக் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, வேட்டி சட்டையோடு உட்கார்ந்து தாம்பாளத்தில் பழம் வைத்து அழைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். எடுத்துப் போடுகிற வழக்கமே இல்லாததால் பல இடங்களில் அம்மா வீடு நிரம்பி வழிந்தது, கம்ப்யூட்டர்கள் நிறைமாதப் பசு போல நகர்ந்தன. யாரும் குறை சொல்லவில்லை. அம்மா வீடு என்றால் அப்படித்தானே இருக்கும் என்றார்கள்.

மாசி மாதக் கடைசியில் சொன்னபடி அந்த நாளும் வந்தது. கண்ணையன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். நடுவில் மேஜை மேல் தேவாவின் லேப்டாப். சங்கவி கழுத்தில் டேப்போடு கதவோரம் நின்றாள். தேவா அவளையே பார்த்தான். அவள் லேப்டாப்பைப் பார்த்தாள்.

"பேரு வச்சது அம்மா. அதனால அம்மாவே மொதல்ல பண்ணட்டும்" என்றார் தாண்டவராயன்.

முனியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தேவா சொல்லிக்கொடுத்தபடி ஒரு பூப்படத்தை இழுத்துத் திரை ஓரத்தில் இருந்த சின்ன வீட்டின் மேல் விட்டார். படம் மறைந்தது. தாம்பாளம் வந்தது, பழம் வைத்தார், படம் திரும்பி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு எழுந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் முனியம்மாளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. இன்னொரு படத்தை அனுப்பினார். அப்புறம் உரக்கடை போட்டோவை அனுப்பினார். கண்ணையன் பொன்னாடை போர்த்தி நிற்கிற போட்டோவை அனுப்பியபோது கூட்டம் சிரித்தது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டு, திரையில் அந்தச் சின்ன வீடு மட்டும் தனியாக நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாப்ள, இது?"

"அதான் அத்தை, அம்மா வீடு."

"ஏன், இந்த அம்மாவுக்கு ஒரு அம்மா வீடு இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே அவர் அம்மா வீட்டை இழுத்து அம்மா வீட்டின் மேலேயே விட்டார்.

இப்படி ஒருவர் செய்வார் என்று தேவா கனவிலும் நினைக்கவில்லை. அத்தனை பேர் பேசிய பஞ்சாயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. லேப்டாப் அம்மா வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதியது. அதை அம்மா வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது. உள்ளே பார்த்தால் அங்கேயும் ஓர் அம்மா வீடு, இன்னும் அனுப்பப்படாமல். அதற்கும் சீட்டு எழுதி அதை இன்னும் உள்ளே அனுப்பியது. அங்கேயும் ஒன்று. லேப்டாப்பின் காற்றாடி ஊளையிட்டது, திரை உறைந்தது, பிறகு இருண்டது.

கண்ணையனுக்கு மானம் போய்விட்டது. "அறிவு கெட்ட ஜென்மம்! ஒரு வேலை ஒழுங்கா பண்ணத் தெரியுமா ஒனக்கு? எழுந்திரு!" என்று அத்தனை பேர் முன்னாலும் பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினார்.

முனியம்மாள் எழுந்தார். நாற்காலியை நேராகப் போட்டார். "நான் போறேன்" என்றார்.

"எங்க?"

"எங்க அம்மா வீட்டுக்கு."

அவருடைய அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது. பிரம்மதேசத்தில் அண்ணன் விருத்தாசலத்தின் வீடுதான் இருக்கிறது. அதைச் சொல்லக் கண்ணையனுக்கு வாய் வருவதற்குள் முனியம்மாள் பையோடு தெருவில் இறங்கிவிட்டார். பின்னாலேயே சங்கவி மிஷின் தலையைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"நீ எங்க போற?" என்றான் தேவா.

"அம்மா இல்லாத வீடு இன்னா அம்மா வீடு? நானும் போறேன்."

சாண் ஏறினால் முழம் சறுக்கியது. காலையில் ஓர் அம்மா வீடு தள்ளி இருந்த பெண்டாட்டி, சாயங்காலம் இரண்டு அம்மா வீடு தள்ளிப் போய்விட்டாள். பஞ்சாயத்துப் பேசிய தாண்டவராயன் என்ன செய்தார் என்றால், போண்டாவைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, சின்னதா ஒரு கோளாறு, பக்குன்றாங்களே, அது இருக்குது, பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் விழுப்புரம் போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் மாமனாரும் மருமகனும் மட்டும் மிஞ்சினார்கள். தேவா லேப்டாப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கண்ணையன் கேப்பைக் கூழ் கிண்டினார், கட்டி கட்டியாக வந்தது. உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்கப் பழக்கதோஷத்தில் அடுப்படியைப் பார்த்து முனிம்மா என்று கூப்பிட்டார். அப்படி இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். பேஜாராகப் போய்விட்டது மனுஷனுக்கு. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"சரியாச்சா மாப்ள?" என்று கேட்டார்.

"இப்பதான் மாமா புரியுது. உள்ள இருக்கிறதை நேரா எடுக்க முடியாது. அதுங்க சீட்டுல எல்லாம் பழைய வீட்டு அட்ரஸ்தான் இருக்குது. மொதல்ல வீடு வந்து பழைய எடத்துல நிக்கணும். வீடு வந்தாத்தான் உள்ள இருக்கிறது வரும்."

கண்ணையன் கூழைக் கரண்டியால் குத்திக்கொண்டே யோசித்தார். "அப்ப சங்கவி வரணும்னா, மொதல்ல அவ அம்மா வரணும்."

"ஆமாங்க மாமா."

"அவளை அனுப்பினது நான்."

"ஆமாங்க மாமா."

"ஆள் விட்டா செல்லாதா?"

"நீங்கதான மாமா அப்படி வைக்கச் சொன்னீங்க."

மறுநாள் காலையில் கண்ணையன் கடைத்தெருவுக்குப் போனார். திரையில் தாம்பாளம் எப்படி இருந்தது, வெற்றிலை எந்தப் பக்கம், பழம் எந்தப் பக்கம் என்று தேவாவை நச்சரித்துக் கேட்டு அச்சு அசலாக அடுக்கினார். தேவா ராத்திரியே பூட்டிச் சரிசெய்திருந்த லேப்டாப்பை எடுத்துக்கொள்ள, இரண்டு பேரும் டவுன் பஸ் பிடித்துப் பிரம்மதேசம் போனார்கள்.

விருத்தாசலம் கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தார். வாங்க என்று கூப்பிட்டுக் கட்டில் காட்டினார். முற்றத்தில் முனியம்மாள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சங்கவி மிஷின் தலையை ஒரு பலகை மேல் வைத்துக் கையால் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஜாக்கெட் துணியோடு மூன்று பெண்கள் வந்து காத்திருந்தார்கள்.

கண்ணையன் தாம்பாளத்தை முனியம்மாள் முன்னால் வைத்தார். திரையில் செய்கிற மாதிரியே ஒரு விரலால் மெல்ல முன்னே தள்ளினார். காத்திருந்தார். முனியம்மாள் மல்லாட்டை உரித்தார். கண்ணையன் திரும்பி, "வேலை செய்யலியே மாப்ள" என்று கிசுகிசுத்தார்.

தேவா அதைக் காதில் வாங்கவில்லை. சங்கவிக்கு எதிரே போய் நின்றான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோனது.

"சங்கவி, ஒண்ணு சொல்லணும். போகியன்னைக்கு எரிச்சது வராது. இவ்ளோ நாள் பண்ணதெல்லாம் இனிமே அழிக்கிறதுக்குத்தான். எனக்கு மொத நாளே தெரியும். அன்னைக்கு உன் பேரு வந்திச்சு. பாத்தேன். பாத்துட்டுதான் அமுக்கினேன். ஜாக்கெட் அளவுதானன்னு நெனைச்சேன். தப்பு என்னுது."

மிஷின் நின்றது. சங்கவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"வராதுன்னு எனக்கும் மொத நாளே தெரியும். கம்ப்யூட்டர் பண்றவரு கூட இவ்ளோ வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், இது கூடத் தெரியாதா?"

"அப்ப எதுக்குக் கேட்ட?"

"நீங்க எப்ப சொல்லப்போறீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்." ஊசியில் மறுபடி நூலைக் கோத்தாள். "அந்தக்கா வீட்டுக்கு நானே போனேன். விசயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை கேக்கல. கதவைத் தாப்பா போட்டுட்டு வந்து, எடுத்துக்கோன்னு நின்னுச்சு. நான்தான் அழுதேன்."

அந்த அக்காவின் பெயர்கூட தேவாவுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. "வர்றியா சங்கவி?" என்று எப்படியோ கேட்டுவிட்டான்.

அவள் பதில் சொல்வதற்குள் முனியம்மாள் குறுக்கே வந்தார்.

"மாப்ள, அந்தப் பொட்டியில கூப்பிட்டா ஃபைலு வந்துருமா?"

"வந்துரும் அத்தை."

"வர மாட்டேன்னு சொல்லாதா?"

"சொல்லாதுங்க. அதுக்கு வழி இல்ல."

"யாரு வைக்கல?"

தேவா யோசித்துப் பார்த்தான். கண்ணையன் வைக்கச் சொன்னது இருந்தது, தாண்டவராயன் வைக்கச் சொன்னது இருந்தது. "நான்தான் அத்தை வைக்கல."

"வையுங்க."

அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். தாம்பாளம் வைத்த பிறகு ஃபைலிடம் 'வர்றியா?' என்று ஒரு கேள்வி. 'வர்றேன்', 'வரல' என்று இரண்டு பதில். எழுதிவிட்டு முழித்தான். "அத்தை, அது எதை வச்சி முடிவு பண்ணும்?"

"அது அது இஷ்டம்."

இஷ்டத்தை எழுதுவதற்கு உலகத்தில் எந்த முறையும் இல்லை. ஆகவே கோயிலில் பூப்போட்டுப் பார்க்கிற மாதிரி, எது விழும் என்று தனக்கே தெரியாதபடி எழுதி வைத்தான். பின்னாளில் இதுவும் எல்லா மண்டிக்கும் போனது. கூப்பிட்டும் வராத ஃபைல்களைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுநாள் கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

சங்கவி எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்தாள். பொறுமையாக இரண்டு தடவை படித்தாள்.

"வரலன்னு சொல்ல ஒரு எடம் இருக்குது" என்றாள். "அப்ப வர்றேன். இவங்க மூணு பேரு ஜாக்கெட்டையும் முடிச்சுக் குடுத்துட்டு வர்றேன்."

தேவா முகத்தை லேப்டாப்புக்குள் புதைத்துக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று அந்த மூன்று பெண்களுக்கும் தெரியவில்லை. இரண்டும்தான்.

கண்ணையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க அவர் பெண்டாட்டியிடம் வா என்று சொல்லியிருக்கிறார், போ என்றும், எழுந்திரு என்றும், கிளம்பு என்றும் சொல்லியிருக்கிறார். கனைத்தார். துண்டைச் சரிசெய்தார். மறுபடியும் கனைத்தார்.

"முனிம்மா... வர்றியா?"

முனியம்மாளின் கை நின்றது. தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"வரல" என்றார்.

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சங்கவியும் சிரித்தாள். விருத்தாசலம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணையன் ஒன்றும் புரியாமல் தேவாவிடம் குனிந்தார். "மாப்ள, அடுத்தது எதை அமுக்கணும்?"

"அடுத்தது ஒண்ணும் இல்லீங்க மாமா. நாளைக்கு வந்து திரும்பக் கேக்கணும்."

கண்ணையன் மச்சானிடம், காலையில் திண்டிவனத்திலிருந்து இந்த ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.